உன் இசை உன் கையை விட்டுப் போகும்போது

அன்பு மகளுக்கு,

இரண்டாவது படத்துக்காக நீ அனுப்பிய ஒப்பந்த வரைவை இரண்டு முறை நிதானமாகப் படித்தேன். அதனுடன் நீ எழுதியிருந்த நான்கு வரிகளைத்தான் அதைவிட அதிக முறை படித்தேன். முதல் படத்தில் மரணக் காட்சிக்காக நீ எழுதிய செல்லோ இசையை எடுத்து, உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் படத்தின் தொடக்கத்தில் வைத்துவிட்டார்கள் என்றும், அதே இசை பின்னர் விளம்பரம் ஒன்றிலும் ஒலித்தது என்றும் சொல்லி, "என் இசை எங்கே ஒலிக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை எனக்குக் கிடையாதா அப்பா?" என்று கேட்டிருந்தாய். உன் கோபம் நியாயமானது. ஆனால் அவை இரண்டும் ஒரே தவறு அல்ல என்பதை, பிறர் எழுதிய இசையைப் பல ஆண்டுகள் வெட்டி ஒட்டிய இசைத் தொகுப்பாளன் என்ற முறையில் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மூத்த இசையமைப்பாளர் ஒருவர் தனி வயலினுக்காக எழுதிய இசை ஒருமுறை என் மேசைக்கு வந்தது. வில் நரம்பைத் தொடுவதற்கு முன் நான்கு விநாடி மௌனம். அந்த மௌனத்துக்குள் வாசிப்பவர் மூச்சை உள்ளிழுக்கும் சத்தம் மெல்லக் கேட்கும். காட்சியின் நீளம் குறைக்கப்பட்டதால் அந்த நான்கு விநாடிகளை எடுத்துவிடும்படி இயக்குநர் சொன்னார், நானும் எடுத்துவிட்டேன். எல்லா ஒலிகளையும் கலந்து சேர்க்கும் இறுதி மிக்ஸிங் நாளில் அந்த இசையமைப்பாளர் வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்தார். அந்த இடம் வந்ததும் சற்று முன்னால் சாய்ந்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே போகும்போது என்னிடம், "அந்த மூச்சு எங்கே தம்பி?" என்று மட்டும் கேட்டார். நான்கு நாட்களுக்கு முன் அவரை அழைத்திருந்தால், நடுவில் இரண்டாம் முறை வரும் அடியை எடுத்துவிட்டு மூச்சை விட்டுவைக்கச் சொல்லியிருப்பார் என்பது அன்று இரவு அதே இசையை மறுபடி கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. நீளமும் சரியாகவே வந்திருக்கும்.

படத்துக்குள் எது எங்கே ஒலிக்க வேண்டும் என்ற கடைசி முடிவு இயக்குநருடையது. அதை நீ ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், ஏனென்றால் முழுப் படத்தையும் மனத்தில் சுமப்பவர் அவர். நீ கேட்டுப் பெற வேண்டியது அந்த முடிவு எடுக்கப்படும் அறையில் உனக்கு ஓர் இருக்கை. எந்தக் காட்சிக்கு இசை, எதற்கு மௌனம் என்று முடிவாகும் நாளிலும், தொகுப்பு மாறும்போதும், மிக்ஸிங்கின் போதும் உனக்குத் தகவல் வர வேண்டும் என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள். நட்பை மட்டும் நம்பாதே. 1960-இல் வெளிவந்த 'சைக்கோ'வின் குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று இயக்குநர் ஹிட்ச்காக் சொல்லியிருந்தும், இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் நரம்பு வாத்தியங்களுக்காக எழுதிக் கேட்கவைத்தார்; ஹிட்ச்காக் தம் முடிவை மாற்றிக்கொண்டார். 1966-இல் அதே ஹிட்ச்காக், 'டார்ன் கர்ட்டன்' படத்துக்கு ஹெர்மன் எழுதிய இசையின் ஒலிப்பதிவைப் பாதியில் நிறுத்திவிட்டு வேறொருவரை எழுதவைத்தார். அத்துடன் அவர்கள் கூட்டு முறிந்தது.

தொகுப்பின்போது ஏற்கெனவே உள்ள இசையை எடுத்துத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் டெம்ப் டிராக்கைப் பற்றி எனக்கு நிறையவே மனக்குறை உண்டு. இயக்குநர் மாதக்கணக்கில் அதையே கேட்டுப் பழகிவிட்ட பிறகு, புதிதாக எழுதி வருவது எதுவானாலும் அந்நியமாகத்தான் ஒலிக்கும். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'க்கு அலெக்ஸ் நார்த் எழுதிய இசையை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் முழுவதும் ஒதுக்கிவிட்டு முன்பே இருந்த படைப்புகளை வைத்துக்கொண்டார், தம் இசை படத்தில் இல்லை என்பதை நார்த் 1968-இல் திரையிடலில் உட்கார்ந்துதான் அறிந்தார். இசையமைப்பாளர் லிகெட்டியின் படைப்புகளோ அவருக்கே தெரியாமல் அந்தப் படத்தில் ஏறின, அவற்றில் ஒன்றின் ஒலியை உருமாற்றவும் செய்தார்கள். 1979-இல் 'ஏலியன்' படத்தில், ஜெர்ரி கோல்ட்ஸ்மித் 1962-இல் வேறொரு படத்துக்கு எழுதிய துண்டுகளே டெம்ப் டிராக்கிலிருந்து நேராக முடிவுப் பதிப்புக்குள் போய்விட்டன. புதிதாக எழுதியவரும் அவரே என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. ஆகவே, டெம்ப் டிராக் போடுவதற்கு முன்பே நீ சில கருப்பொருள்களை எழுதிக் கொடுத்துவிடு. அவர்கள் காது உன் இசைக்கே பழகட்டும்.

விளம்பரத்தில் ஒலித்த விஷயத்துக்கு வருகிறேன். அங்கே நீ ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். படத்துக்குள் உன் இசை இடம் மாறினாலும், அது எந்தக் கதைக்காக எழுதப்பட்டதோ அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது. படத்துக்கு வெளியே போகும்போது நீ சொல்லாத ஒன்றை உன் குரலில் சொல்லவைக்கிறார்கள். சோவியத் இசையமைப்பாளர்களான ஷோஸ்டகோவிச், புரோகோஃபியெவ், கச்சதூரியன், மியாஸ்கோவ்ஸ்கி ஆகிய நால்வரின் இசையை 1948-இல் 'தி அயர்ன் கர்ட்டன்' என்ற சோவியத் எதிர்ப்புப் படத்தில் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் அந்த இசைக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லாததால், அந்த நால்வர் சார்பில் தொடுத்த வழக்கை நியூயார்க் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 1953-இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே விவகாரத்தில் அவர்கள் பக்கம் நின்றது. ஒரே இசை, ஒரே படம், இரண்டு நாடுகள், இரண்டு விடைகள்! படைப்பாளிகளின் உரிமைகளைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1928-இல் சேர்க்கப்பட்ட பிரிவு, பொருளாதார உரிமைகளை விற்ற பின்னும், தன் மதிப்புக்கும் பெயருக்கும் கேடு தரும் வகையில் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்கிறது. ஆனால் ஒவ்வொரு நாடும் அதை எவ்வளவு தூரம் மதிக்கிறது என்பது வேறுபடுகிறது. நீ கையெழுத்திடும் தாளில் இருப்பதுதான் உனக்கு முதல் காவல்.

உன் வரைவின் பதினோராம் பிரிவைத் திறந்து வைத்துக்கொள். "இசையை முழுமையாகவோ பகுதியாகவோ, மாற்றியோ மாற்றாமலோ, எந்த ஊடகத்திலும், எந்த நோக்கத்துக்கும், எக்காலத்திற்கும்" என்று இருக்கிறது. "எந்த நோக்கத்துக்கும்" என்பதை அடித்துவிட்டு, "இப்படத்துக்கும் இப்படத்தை அறிமுகப்படுத்தும் முன்னோட்டங்களுக்கும் மட்டும்" என்று எழுதச் சொல். வேறு படம், விளம்பரம், அரசியல் பிரசாரம் ஆகியவற்றுக்கு உன் எழுத்துபூர்வமான சம்மதம் தேவை என்ற வரியைச் சேர்க்கச் சொல். எழுதிய இசைக்கு ஓர் உரிமையும் பதிவுசெய்த ஒலிக்கு இன்னோர் உரிமையும் இருப்பதால், சம்மதம் இரண்டையும் கட்டுப்படுத்த வேண்டும்; இல்லாவிட்டால் ஒலியை விட்டுவிட்டு உன் மெட்டை மட்டும் வேறு குழுவை வைத்து வாசிக்கச் செய்துகொள்வார்கள். மாற்றிய வடிவம் உனக்குப் பிடிக்கவில்லை என்றால் உன் பெயரை நீக்கச் சொல்லும் உரிமையையும் கேள். அவர்கள் எளிதில் ஒப்புக்கொள்ளக்கூடியது அதுதான், ஏனென்றால் அதற்கு அவர்களுக்குச் செலவில்லை. வாத்திய வாரியாகப் பிரித்த பதிவுகளைக் கேட்டால், மிக்ஸிங்குக்கு வேண்டிய அளவே கொடு. கைக்குக் கிடைத்த ஒவ்வொரு தனி வாத்தியமும் இன்னொரு இடத்தில் பயன்படும் என்று உன் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.

அவர்கள் மறுத்தால் உடனே முடிவு சொல்லாதே. திருத்திய பிரிவை முதலில் எனக்கு அனுப்பு. அந்தச் செல்லோ இசையின் மூலப் பதிவு உன்னிடம் இருந்தால் அதையும் அனுப்பு. நீ எழுதிய நீளத்தில், நீ விட்ட மௌனங்களோடு, நான் அதை இன்னும் கேட்கவில்லை.

அன்புடன்,
அப்பா