ஆண்டைப் பார்க்காதீர்கள், மண்ணில் வைத்துப் பாருங்கள்: வட்டார உலோகத் தேடல் குழுவின் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தீமிதி முடிந்த மறுநாள் மாலை மாரியம்மன் கோயில் திடலில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். என் பழைய உலோகம் தேடும் கருவியோடு கயிற்றுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் நான். "பத்து வருசத்துக்கு மேற்பட்ட மெஷின் உள்ள வரக்கூடாதுங்க, புலனத்தில (வாட்ஸ்அப்பில) போட்டிருந்தோமே" என்று உங்கள் தம்பி ஒருவர் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். நானும் மறுபேச்சுப் பேசாமல் ஒதுங்கி நின்றேன்.

தாலியைத் தொலைத்த தங்கச்சி என் பக்கத்தில்தான் நின்றார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். கழுத்தில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு. நெரிசலில் கொடியின் கொக்கி விட்டிருக்கிறது; இரவு வீட்டில் குளிக்கப் போனபோதுதான் தெரிந்ததாம். உங்கள் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் தேடினார்கள். யாராவது குனியும்போதெல்லாம் அவர் கை கழுத்துக்குப் போய் அந்தக் கிழங்கைப் பற்றிக்கொள்ளும். நிமிர்ந்தவர் கையில் இருபது காசோ ஐம்பது காசோ இருக்கும். கை மெல்லக் கீழே இறங்கும். மழை இருட்டியதும் எல்லாரும் கலைந்தீர்கள். அப்போது அவர் என் கருவியைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே, நீங்க ஏன் தேடல? அது கெட்டுப்போச்சா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா என்று கேட்கத்தான் இந்த மடல்.

மறுநாள் விடிந்ததும் கோயில் செயலாளரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு திடலில் இறங்கினேன். 41 இடங்களில் தோண்டினேன். சாக்லேட் தாள், சோடா மூடி, கேன் வளையம், ஆணி, ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட பழைய சதுர ஒரு சென் காசு ஒன்று. பத்து மணிவாக்கில், தீமிதித்தவர்கள் கால் நனைக்கும் பால்குழி ஓரத்துச் சேற்றில், மூன்று விரல் ஆழத்தில், மிதிபட்டு அமுங்கிக் கிடந்தது தாலி. கொடியும் கூடவே இருந்தது.

என் கருவி உங்களுடையதைவிட உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. அது டெசோரோ நிறுவனத்தின் கருவி. அந்த நிறுவனத்தையே 2018இல் மூடிவிட்டார்கள். தோட்டப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த காலத்தில், பினாங்கில் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். திரை கிடையாது, எண் கிடையாது. இரண்டு திருகு, ஓர் ஒலி, அவ்வளவுதான். உங்களிடம் இருக்கும் மைன்லேப் ஈக்வினாக்ஸ் ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் வேலை செய்கிறது. ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசைப் பிரித்துச் சொல்கிறது. மூன்று மீட்டர் தண்ணீருக்குள்ளும் போகிறது. லூமுட் கடற்கரையின் உப்பு மணலில் என் கருவி கத்திக்கொண்டே இருக்கும். அங்கே உங்களோடு போட்டிக்கு வரமாட்டேன். நம் செம்மண்ணிலும் இரும்புச்சத்து அதிகம். மண்ணுக்கேற்பச் சரிசெய்யும் திருகு என்னுடையதில் இல்லாததால், மேடு பள்ளத்தில் கருவியின் கம்பிச்சுருள் (காயில்) தட்டினாலே பொய்யொலி வரும். அதெல்லாம் உண்மை.

ஆனால் அன்று தாலி தவறியதற்குக் கருவியின் வயது காரணமில்லை. கம்பிச்சுருள் அனுப்பும் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. அதன் எதிரொலி எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைத்தான் உங்கள் திரை எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. மெல்லிய பொன்னும் அலுமினியத் தாளும் ஏறக்குறைய ஒரே எண்ணில் விழும். இது நீங்கள் அறியாததல்ல. திருவிழாத் திடலில் குப்பை அதிகம் என்று அந்த எண்களையெல்லாம் கேட்காதபடி அடைத்துவிட்டுத்தான் தேடினீர்கள். குப்பையோடு சேர்த்துத் தாலியையும் அடைத்துவிட்டீர்கள். கயிற்றுக்கு வெளியே நின்ற எனக்கே அது தெரிந்தது. சொல்ல இடம் கிடைக்கவில்லை. என்னுடையதில் அடைக்க எண்ணே இல்லை. ஒலித்ததையெல்லாம் தோண்ட வேண்டியதுதான்.

எனவே கேட்கிறேன்: பத்தாண்டு விதியை எடுத்துவிடுங்கள். ஆண்டைப் பார்த்து ஒதுக்காதீர்கள்.

பழைய கருவி பக்கத்தில் இருந்தால் புதியவற்றில் இரைச்சல் வருகிறது என்று உங்கள் அறிவிப்பில் எழுதியிருந்தீர்கள். வரும், மறுக்கவில்லை. அலைவரிசை நெருங்கினால் புதியதும் புதியதும்கூடத்தான் மோதிக்கொள்ளும். உங்களுடையதில் அதை நீக்கும் வசதி இருக்கிறது; எங்களுடையதில் இல்லை. அதற்குப் பதினைந்து இருபது தப்படி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அல்லது உங்கள் முறை முடிந்தபின் எங்களுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். அதற்காக ஆளையே வெளியே நிறுத்துவதா?

இதைச் சொல்லும்போது வேறொன்றும் மனத்தில் எழுகிறது. சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தபோது, பால்வெட்டுத் தெரிந்தவர்களை இனித் தேவையில்லை என்றார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். பட்டறையில் எந்த எஞ்சினையும் காது வைத்துக் கேட்டே கோளாறு சொன்ன பெரியவர்கள், கணினி வந்த பிறகு கேட்பாரில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள். அவர்கள் காது கெட்டுப்போகவில்லை. அவர்களைக் கேட்பதைத்தான் நிறுத்திவிட்டோம். நம் பிள்ளைகள் நடத்தும் ஒரு குழுவிலும் அதே விதியைப் படித்தபோது நெஞ்சு எரிந்தது. சேமநிதிப் பணத்தில் காலம் தள்ளுகிறவர்களால் ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்துப் புதுக்கருவி வாங்க முடியாது. எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு முடித்துவிட்டு, யாரோ கொடுத்த பழைய கருவியோடு ஆசையாக வரும் பையனாலும் முடியாது.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மற்ற விதிகளில் எனக்குக் குறையே இல்லை. பழம்பொருள் கிடைத்தால் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அதிகாரிகளிடம் தெரிவிப்பதும், மலாயா அவசரகாலச் சண்டையில் விட்டுப்போன தோட்டாவோ குண்டோ தென்பட்டால் தொடாமல் போலீசை அழைப்பதும் மிகச் சரி. அவற்றை நானும் மீறியதில்லை.

ஒரு யோசனை, பணிவோடு. அடுத்த கூடலில் ஒரு மோதிரம், ஒரு சதுர சென், ஒரு மெல்லிய சங்கிலி, இரண்டு ஆணி ஆகியவற்றை நான்கு அங்குலத்திலும் எட்டு அங்குலத்திலும் புதையுங்கள். இடம் எங்களுக்குத் தெரிய வேண்டாம். புதியது, பழையது எல்லாவற்றையும் அதன்மேல் ஓட்டிப் பார்ப்போம். எட்டு அங்குலத்துச் சங்கிலியில் என் கருவி தோற்கும் என்றே நினைக்கிறேன். உங்களுடையதும் திணறலாம். எந்த இடத்துக்கு எது ஏற்றது என்று அதை வைத்து முடிவு செய்யுங்கள். மண் சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன். தயாரித்த ஆண்டு சொல்வதை ஏற்க முடியாது.

அந்தத் தங்கச்சியிடம் தாலியைக் கொடுத்தபோது உங்கள் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. "அவங்களும் ரெண்டு மணி நேரம் தேடினாங்கம்மா" என்றுதான் சொன்னேன். அடுத்த முறை யாராவது எதையாவது தொலைத்துவிட்டு வந்து நிற்கும்போது, எங்களையும் கயிற்றுக்கு உள்ளே விடுங்கள். பத்தாண்டு விதியை நீக்கிவிட்டோம் என்ற செய்தியைப் புலனத்தில் எதிர்பார்த்திருக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தோட்டப் பட்டறைத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்