இடப்பக்கம் நடந்து வந்தவருக்கு

அன்புள்ள டர்பன் சாட்ஸ்வொர்த் சொந்தங்களே,

மூளை பாதித்துப் படுத்திருந்த அப்பா ஞாயிற்றுக்கிழமை நடந்தார். வீட்டுக் கூடத்தில் இல்லை, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டும் இல்லை. நம் ஊர் கென்னத் ஸ்டெயின்பேங்க் இயற்கைக் காப்பகத்துக் காட்டுக்குள், மண் பாதையில், வேர் தாண்டி நடந்தார். அதற்கு முன்னால் நாங்கள் பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் எங்களோடு வார்டு வாசலில் நின்றவர்கள்தானே. அந்தக் கதைக்குள் போகவில்லை. மனசு இன்னும் படபடவென்று இருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். பேர் பேராகச் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன், அப்புறம் கல்யாண வீடுகளில் முகம் கொடுக்க முடியாது. நடுராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அண்ணா, முறை போட்டுப் படுக்கை அருகே தங்கிய சித்தப்பா பிள்ளைகள், ஆடிக் கூழ் ஊற்றும்போது அப்பா பேரைச் சொல்லி வேண்டிக்கொண்ட கோயில் அம்மாக்கள், புரட்டாசி முழுக்க எங்கள் அடுப்பே எரியாதபடி பார்த்துக்கொண்ட பெரியம்மா (அந்தப் பூரி பத்தாவுக்குத் தனியாக ஒரு மடல் எழுதலாம்), என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை எடுத்து நடத்திய தோழிகள், அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டபடியே கிரிக்கெட் பேசிய நர்ஸ் தம்பி. உங்கள் எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

இனி, பேர் தெரியாத ஒருவரைப் பற்றி.

சமதரையிலேயே நடந்தால் போதாது, கொஞ்சம் மேடு பள்ளமும் பழக வேண்டும் என்று பிசியோதெரபி அம்மா சொல்லியிருந்தார். காட்டு நடை என்றதும் டிராகன்ஸ்பெர்க் மலை ஏறினோம் என்று நினைத்துவிடாதீர்கள். யெல்லோவுட் பார்க்கில் வீடுகளுக்கு நடுவே சுமார் 250 ஹெக்டேர் காடும் புல்வெளியும், அதில் மரங்களுக்குள் நுழைந்து வளைந்து திரும்பும் சின்னச் சுற்று ஒன்று. குழந்தைகள் ஓடியே முடித்துவிடுவார்கள். வரிக்குதிரை மேயும், குரங்குகள் பையைப் பிடுங்கும். சிங்கம் யானை கிடையாது. பயப்பட வேண்டியது உண்ணிக்குத்தான். காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, புல்லுக்குள் இறங்காமல் பாதையோடு போனால் சரி.

அப்பாவுக்குச் சிக்கல் கால் மட்டுமில்லை. அவருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகிறது. கண் பழுதில்லை, மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, மூளையின் வலப்பாதி அடிபட்டால் இப்படி ஆகும் என்றார் டாக்டர். தட்டில் வலப்பக்கத்துச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு "இன்னும் கொஞ்சம் போடு" என்பார், இடப்பக்கத்துச் சோறு அப்படியே இருக்கும். அதனால் நாங்கள் யாரும் அவர் கையை விட்டதே இல்லை. அன்றும் நான் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். மருத்துவமனை கொடுத்த அலுமினியக் கோல் சருகில் புதைந்து புதைந்து வழுக்கியது. அப்பா முகம் கடுகடு.

எதிரே சூலு இனத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். தலையில் கம்பளித் தொப்பி, கையில் கறுத்துப்போன ஒரு தடி. "சாவுபோனா, பாபா" (வணக்கம், ஐயா) என்று நின்றார். அப்பாவுக்குச் சூலு மொழி தண்ணீர்பட்ட பாடு. சின்ன வயதில் வாழைத் தோட்டத்து வேலையில் கற்றது. இரண்டு பேரும் ஊர், மழை, முழங்கால் வலி என்று பேசினார்கள். பேச்சு முடிவதற்குள் அப்பாவின் அலுமினியக் கோல் பெரியவர் கையிலும், அவர் தடி அப்பா கையிலும் இருந்தது. யார் கேட்டு யார் கொடுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

எதிர்ப்பக்கம் போக வேண்டியவர், திரும்பி எங்களோடு நடந்தார். என்னைக் கையால் லேசாக விலக்கிவிட்டு அப்பாவின் இடப்பக்கம் வந்துகொண்டார். அவர் கையைப் பிடிக்கவில்லை. வேர் ஒன்று வந்தால் அலுமினியக் கோலால் அதன்மேல் டொக் டொக்கென்று தட்டுவார். சத்தம் கேட்டு அப்பா அந்தப் பக்கம் திரும்புவார், வேரைப் பார்ப்பார், காலைத் தூக்கி வைப்பார். அடுத்த வேர், மறுபடி டொக் டொக். தாழ்ந்த கிளை வந்தால் அதையும் தட்டுவார், இலை உதிரும். ஒரு வார்த்தை அறிவுரை இல்லை. "ஜாக்கிரதை" என்று நான் வாய் திறந்தபோது என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

பாதி வழியில் குரங்குகள் மரத்துக்கு மேல் பழத்தைக் கடித்துக் கடித்துப் போட்டுக்கொண்டிருந்தன. பெரியவர் நின்றுவிட்டார், தட்டவும் இல்லை. அப்பா தானாகவே இடப்பக்கம் தலையைத் திருப்பினார். கீழே ஒரு நீல டுயிக்கர். முயலைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் குட்டி மான். நாலைந்து கிலோதான் தேறும். குரங்கு போடும் பழத்துக்காக இப்படி மரத்தடியில் வந்து நிற்குமாம். "அங்கே பாரு, பாப்பா" என்று அப்பா எனக்குக் காட்டினார். இடப்பக்கத்தில் இருந்த ஒன்றை, யாரும் சொல்லாமல், அவர் எனக்குக் காட்டினார்.

அவருக்கு அந்தப் பக்கம் தெரியாது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று வாசலில் பெரியவரைக் கேட்டேன். "அந்தப் பக்கத்துக் கிளை மட்டும் அவர் முகத்தில் அடிக்கிறதே" என்றார். அவ்வளவுதான். திங்கட்கிழமை பிசியோதெரபி அம்மாவிடம் சொன்னேன். மறந்த பக்கத்திலிருந்து சத்தமோ அசைவோ கொடுத்துக் கவனத்தை இழுப்பது அவர்கள் பயிற்சியிலேயே இருக்கிறதாம். இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நிறவெறி ஆட்சியில் கேட்டோ மேனர் வீட்டைக் காலி செய்ய வைத்துச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. கடற்கரையிலும் பூங்காவிலும் எந்த நிறத்தவர் எங்கே உட்காரலாம் என்பதற்கு 1953இல் சட்டமே போட்டிருந்தார்கள். அது 1990இல்தான் போனது. அப்பாவின் காடு உம்லாஸ் ஆற்றோரத்துப் புதர்தான். பையன்களோடு கீரை பறிக்கப் போவார். கையைப் பிடித்துக்கொண்டு யாரும் அவரை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. நாங்கள் அன்பினால்தான் பிடித்திருந்தோம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பிடித்த கை அவரை ஒவ்வொரு தடவையும் நோயாளியாக்கிவிடுகிறது. இனி விழப்போகிறார் என்றால் ஒழிய நான் அவர் கையைத் தொடப்போவதில்லை. இடப்பக்கம் நடப்பேன், தட்டுவேன். சாப்பாட்டு மேசையிலும் கரண்டியால் தட்டின் இடப்பக்கத்தைத் தட்டுகிறேன். அம்மாவுக்கு எரிச்சல், அப்பாவுக்குச் சிரிப்பு.

ஒரு உதவி கேட்க வேண்டும். பெரியவர் அலுமினியக் கோலோடேயே போய்விட்டார், அவர் தடி எங்கள் வீட்டில் இருக்கிறது. வீட்டுக்கு வந்துதான் கவனித்தோம். தடி உம்சிம்பிதி மரம், நம் புங்க மரத்துக்கு உறவு. கோடையில் ஊதாப் பூ நிமிர்ந்து பூக்கும், டர்பன் தெருக்களிலும் பார்த்திருப்பீர்கள். இரும்பு மாதிரி கனம், கைப்பிடி தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. லேசில் யாரும் கொடுத்துவிடும் பொருள் இல்லை. யெல்லோவுட் பார்க் பக்கம் கம்பளித் தொப்பியும் மருத்துவமனைக் கோலுமாக ஒரு பெரியவரைப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் அந்தச் சுற்றில்தான் இருப்போம் என்று சொல்லுங்கள். கோலை மருத்துவமனைக்குத் திருப்ப வேண்டும். தடியைத் திருப்பிக் கொடுக்க அப்பா சம்மதிப்பாரா என்பது வேறு விஷயம். ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்திலேயே சாத்திவைத்துக்கொள்கிறார்.

அன்புடன்,
அப்பாவின் மகள்