தசைநோயில் தூக்கத்தையும் பாதத்தையும் யார் கேட்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரம்பரைத் தசைநோய்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நடை தளர்வது, படியேற முடியாமல் போவது, சக்கர நாற்காலி என்று கை கால்களைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் தூக்கத்தில் மூச்சு குறைவதைப் பற்றியும் நரம்புப் பாதிப்பைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை. எங்களை அதிகம் அலைக்கழித்தவை அந்த இரண்டும்தான்.

என் அண்ணனுக்கு மயோடோனிக் டிஸ்ட்ரோபி, முதல் வகை; தசைகள் மெல்ல பலவீனமாகி, இறுகினால் உடனே தளராத பரம்பரை நோய். 19-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சிறு துண்டு ஒன்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதால் உண்டாகும் நோய் இது; காரணத்தை 1992-இல் கண்டுபிடித்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. கதவின் பிடியைப் பிடித்தால் அண்ணனின் விரல்கள் உடனே விடாது, மெல்ல மெல்லத்தான் பிரியும். அதை எல்லோரும் கவனித்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கண்ணயர்ந்தபோது மட்டும் சோம்பேறி என்றார்கள். ஒரு மருத்துவரும் "தசைநோய் என்றால் அசதி இருக்கத்தானே செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கனவு வரும் தூக்கத்தில் எல்லோருக்குமே உடல் தசைகள் தளர்ந்துவிடும். அப்போது மூச்சிழுக்கும் வேலை பெரும்பாலும் உதரவிதானத்தின், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையின், தலையில்தான் விழும். அதுவே பலவீனமாக இருந்தால் மூச்சு மேலோட்டமாகி, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். காலையில் எழும்போதே தலைவலி, புரண்டு புரண்டு படுப்பது, பகலெல்லாம் தூக்கம் எல்லாம் இதனால் வரலாம். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதும், மூச்சு விடச் சொல்லும் மூளையின் கட்டளையே தடுமாறுவதும் இந்த நோயில் சேர்ந்துகொள்ளும். குறட்டை இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. பகலில் விரலில் கருவி மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் அளவு சரியாகவே இருக்கலாம். இரவுக் கதை வேறு.

நுரையீரல் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறது என்று ஊதிப் பார்க்கும் சோதனையை உட்கார்ந்தும் படுத்தும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். படுத்ததும் அளவு நன்றாகக் குறைந்தால் உதரவிதானம் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இரவுத் தூக்கப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கும்போது வெறும் ஆக்சிஜனை மட்டும் வைப்பது ஆபத்து. முகமூடி வழியாக ஒரே அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பதோடு சிபாப் கருவியின் வேலை முடிந்துவிடும், பலவீனமான தசைக்கு அது கைகொடுக்காது. அதற்கு, மூச்சிழுக்கும்போது கூடுதல் அழுத்தத்திலும் விடும்போது குறைந்த அழுத்தத்திலும் காற்றைத் தரும் பைபாப் கருவி வேண்டும். முகத் தசை தளர்ந்திருப்பதால் அண்ணனுக்கு முகமூடி சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் காற்று கசிந்துகொண்டே இருந்தது. பொருத்தமானது கிடைத்த பிறகு காலைத் தலைவலி போய்விட்டது. பகல் தூக்கம் முழுவதும் போகவில்லை, ஏனென்றால் இந்த நோய் மூளையின் விழிப்பையும் தொடுகிறது. அதற்கும் மருந்து உண்டு, கேட்டால்தான் தருவார்கள்.

அப்புறம் பாதம். அண்ணன் தடுக்கி விழுந்தபோதெல்லாம் தசையைத்தான் காரணம் சொன்னோம். ஒருநாள் குதிகாலில் கொப்புளம் உடைந்து காலுறை ஒட்டிக்கொண்டிருந்தது, அவருக்கு அது தெரியவே இல்லை. நரம்பு வழியாகச் செய்தி எவ்வளவு நன்றாகப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையில் பாதிப்பு தெரிந்தது. தசைநோயே சிலருக்கு நரம்பையும் கெடுக்கும். ஆனால் எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டுவிடக் கூடாது. இந்த நோயில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சர்க்கரை ஏறுவது சகஜம். வைட்டமின் பி12 குறைந்தாலும் பாதம் மரத்துப்போகும். இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்ய வழியிருக்கிறது. மரத்த பாதத்தைத் தினமும் இன்னொருவர் பார்ப்பது நல்லது.

பல் பிடுங்குவதோ கண்புரை அறுவையோ, எதுவானாலும் மயக்க மருத்துவரிடம் நோயின் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தூக்க மாத்திரையும், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலிநிவாரணிகளும், மயக்க மருந்தும் இவர்களின் மூச்சை மற்றவர்களைவிட அதிகமாக அமுக்கும். பைபாப் வைத்திருப்பவர்கள் மருத்துவமனைக்குப் போகும்போது கருவியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி