குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரையிலான ஓராண்டின் அறிக்கை இது. செயற்குழுக் கூட்டங்களும் தீர்மானங்களும் உங்களிடம் கொடுத்துள்ள நகலில் இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அவற்றைத் திரும்பப் படித்து உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. தீர்மானப் புத்தகத்தில் ஏறாத சில காரியங்கள் இந்த மேற்குத் தாம்பரம் தெருவில் நடந்தன. யாரும் கையெழுத்துப் போடாமல், யாரும் கேட்காமல் நடந்தவை அவை. இந்த ஆண்டில் எனக்குப் பெருமை தந்தவையும் அவைதான்.

முதலில் ஒரு வருத்தமான செய்தி. ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, நம் தெருவுக்குக் குப்பை வண்டியுடன் வரும் அக்காவின் உள்ளங்கையை உடைந்த கண்ணாடித் தம்ளர் கிழித்துவிட்டது. கவரில் முடிச்சுப் போட்டு, காய்கறித் தோலோடு சேர்த்து யாரோ போட்டிருந்தார்கள். ரத்தம் வழிய வழிய அவர் முந்தானையைச் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டு வாளியைத் தூக்கப் போனார். மூன்றாம் எண் வீட்டுச் சகோதரிதான் அவரை உட்காரவைத்து, கையைக் கழுவிவிட்டு, ஆட்டோவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் தையலும் டிடி என்ற டெட்டனஸ் தடுப்பு ஊசியும் போட்டு அழைத்து வந்தார். மூன்றாம் நாள் கட்டோடு அக்கா வேலைக்கு வந்துவிட்டார். அந்தத் தம்ளர் எந்த வீட்டுடையது என்று நாம் தேடவில்லை. என் வீட்டுடையதாகவும் இருந்திருக்கலாம்.

என்ன செய்தால் நல்லது என்று அவரிடமே கேட்டோம். 'பேப்பர்ல நல்லா சுத்திக் குடுங்க சார்' என்றார். மேலே 'கண்ணாடி' என்று எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். 'எனக்குப் படிக்க வராது சார். செவப்பா ஒரு கோடு போட்டுடுங்க, நான் பாத்து எடுத்துக்கிறேன்' என்றார்.

அன்றிலிருந்து நம் தெருவில் சிவப்புக் கோடு வந்தது. உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி, டியூப்லைட், சானிட்டரி நாப்கின் எதுவானாலும் பழைய செய்தித்தாளில் சுற்றி, ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-ம் நாப்கின், டயப்பர் போன்றவற்றைச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்றன. விதி எட்டு ஆண்டுகளாக இருந்தது, நாம் செய்யவில்லை. ஒருவர் கையில் ஏழு தையல் விழுந்த பிறகு செய்தோம். அரசு 2020-ல் 'தூய்மைப் பணியாளர்' என்று அவர்கள் பெயரை மாற்றியது. பெயரில் உள்ள மரியாதை அவர்கள் கைக்கும் கிடைக்க வேண்டும் என்றால் அது நம் அடுப்படியில்தான் தொடங்க வேண்டும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். ஜூனுக்குப் பிறகு ஒரு காயமும் இல்லை என்று போன வாரம் அவரே சொன்னார். மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரிப்பதில் நம்மில் பத்துப் பதினைந்து வீடுகள் இன்னும் பின்தங்கியே இருக்கின்றன. அதையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அடுத்தது வெள்ளிக்கிழமை வேலை. ஆகஸ்டில் நம் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு வந்தது. ஒருவன் ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தான். அந்த வாரம் நம்மில் பலர் சாக்கடையைத்தான் திட்டினோம். மருந்து அடிக்க வந்த சுகாதாரப் பணியாளர் நம் நினைப்பைத் திருத்தினார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள்ளும் வாசலிலும் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அது பறக்கும் தூரமும் சில நூறு மீட்டர்தான். அப்படியானால் நம் பிள்ளையைக் கடித்த கொசு நம் தெருவில், அநேகமாக நம் வீடுகளிலேயே பிறந்தது.

இன்னொன்றும் சொன்னார்: தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டை ஒட்டியிருக்கும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. திரும்பத் தண்ணீர் பட்டால் பொரிக்கும். என் வீட்டு ஃபிரிட்ஜின் பின்னாலிருக்கும் தட்டை அன்றுதான் முதல் முறையாக இழுத்துப் பார்த்தேன். அரை விரல் ஆழத் தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. பக்கத்து அறையில் என் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை காலை வீடு கழுவும்போதே தொட்டி, வாளி, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜ் தட்டு, மாடியில் கிடக்கும் சிரட்டை, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்ப்பது என்று வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை என்றது பெண்கள் குழுவின் யோசனை. எப்படியும் கழுவுகிற நாள், தனியாக ஞாபகம் வைக்க வேண்டியதில்லை என்றார்கள். அது சரியாகவே அமைந்தது. பிள்ளைகள் டார்ச் எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறிப் பார்த்தார்கள். பூட்டிக் கிடந்த இரண்டு வீடுகளுக்கு உரிமையாளர்களிடம் போனில் பேசிச் சாவி வாங்கினோம். மழைக்காலம் முழுவதும் தெருவில் இன்னொரு டெங்கு இல்லை. இதற்கு நாம் மட்டுமே காரணம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த ஃபிரிட்ஜ் தட்டில் இருந்தவை கொசுவாகவில்லை, அது உறுதி.

தண்ணீர் விஷயம். 2019 கோடையை இங்கு யாரும் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நாம் குடத்தோடு நின்ற வரிசை பிள்ளையார் கோயில் வரை நீண்டது. 2003-ல் தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது நம் வீடுகளிலும் குழி வெட்டினோம். வெட்டியதோடு விட்டதுதான் நாம் செய்த தவறு. செப்டம்பரில் திறந்து பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்ட குழிகளில் சேறும் வேரும்தான் இருந்தன.

கணக்கு எளிது. 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். அதாவது ஒரே மாடியில் ஆண்டுக்கு 1,30,000 லிட்டர்; 12,000 லிட்டர் லாரியில் பத்துக்கும் மேற்பட்ட லோடு. அத்தனையும் பிடிக்க முடியாது, பாதி பிடித்தாலே ஐந்து லாரி. அக்டோபருக்குள் 22 குழிகளில் சேற்றை வாரி, கூழாங்கல்லைக் கழுவி, மணலை மாற்றினோம். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது நான் மாடிப்படியில் நின்று கேட்டேன். குழாய் வழியே தண்ணீர் குழிக்குள் இறங்கும் சத்தம், சீரான ஒரு 'கடகட'. வெளியே வழியவில்லை.

இதோடு சேர்த்து ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற லைன்மேன் ஐயா, பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோயிலருகே இருக்கும் பொதுக்குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. இரவு பத்து மணிக்கு அடியில் வாளியை வைத்தார். காலை ஆறுக்குப் பார்த்தால் அரை வாளி. கடைக்குப் போய் ஒரு வாஷர் வாங்கி அவரே மாற்றினார். அன்று முதல் தோள்பையில் ஸ்பேனரும் நான்கைந்து வாஷரும் இல்லாமல் அவர் நடைப்பயிற்சிக்குக் கிளம்புவதில்லை. இந்த ஆண்டு எத்தனை குழாய் என்று கேட்டேன். 'எண்ணலப்பா' என்றார்.

மஞ்சப்பை முயற்சி முதலில் தோற்றது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் எல்லாம் வந்தும், நம் அண்ணாச்சி கடையில் மறதிக்காரர்களுக்காகக் கவர் புழங்கிக்கொண்டுதான் இருந்தது. பழைய புடவை, வேட்டியில் நாற்பது பை தைத்துக் கடை வாசலில் ஆணியில் மாட்டினோம். எடுத்துப் போகலாம், திருப்பி மாட்ட வேண்டும். மூன்று வாரத்தில் ஆணி காலி. யாரும் திருடவில்லை, வீட்டுக்குப் போன பை அந்த வீட்டுப் பையாகவே ஆகிவிட்டது. அடுத்த முறை ஒரே வீட்டுப் பச்சைத் திரைச்சீலையில் எல்லாப் பையையும் தைத்தோம். பச்சைப் பை என்றால் தெருவின் பை என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிட்டது. 'அம்மா, இது நம்மளுது இல்ல' என்று அவர்களே கொண்டுவந்து மாட்டுகிறார்கள். இப்போது ஆணியில் எப்போதும் ஏழெட்டுப் பை தொங்குகிறது.

அக்டோபர் 1, தேசிய தன்னார்வ ரத்த தான நாளையொட்டி முகாம் நடத்தினோம். 31 பேர் கொடுத்தார்கள், அதில் 12 பேர் முதல் முறை. ஒரு சிறு கோரிக்கை: முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ரத்தத் தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும் என்பதால் தேவை எல்லா நாளும் இருக்கிறது.

அதே அக்டோபரில் நடந்த கூட்டத்தில் கண் மருத்துவர் ஒருவர் கண் தானம் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். கூட்டம் பாதி கலைந்திருந்தது. இருந்தவர்களில் ஒருவர் பதினொன்றாம் எண் வீட்டு அம்மா. ஜனவரியில் ஒரு விடியற்காலை, அந்த வீட்டின் 81 வயதான ஐயா தூக்கத்திலேயே காலமானார். நாங்கள் போய்ச் சேரும்போது அந்த அம்மா அழுதுகொண்டேதான் இருந்தார். ஆனால் மின்விசிறியை நிறுத்தியிருந்தார். ஐயாவின் இமைகளை மூடி, ஈரப் பஞ்சை வைத்து, தலைக்கு இன்னொரு தலையணை கொடுத்து உயர்த்தியிருந்தார். தினசரிக் காலண்டர் அட்டையில் தான் எழுதி வைத்திருந்த கண் வங்கி எண்ணைக் காட்டி, 'ஆறு மணி நேரத்துக்குள்ள வரணும்னு டாக்டர் சொன்னாரே, கூப்பிடு தம்பி' என்றார்.

ஐயாவுக்கு முப்பது வருடச் சர்க்கரை நோய், கண்புரை அறுவை சிகிச்சையும் ஆனவர். எடுத்துக்கொள்வார்களா என்று உறவினர்கள் சந்தேகப்பட்டார்கள். இவை பொதுவாகத் தடையில்லை என்று கண் வங்கியினர் சொன்னார்கள். இரண்டு மணி நேரத்தில் வந்தார்கள். அரை மணிக்குள் வேலை முடிந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. யாருக்குப் பொருத்தினார்கள் என்று சொல்ல மாட்டார்கள், அதுதான் முறை. பதினாறாம் நாள் காரியத்தன்று அந்த அம்மா என்னிடம் சொன்னார்: 'அவருக்குக் காலையில பேப்பர் பாக்காம காபி இறங்காது. இப்போ யாராவது பாத்துட்டிருப்பாங்கல்ல?' எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அதன் பிறகு இதுவரை 17 குடும்பங்கள் அந்த எண்ணைத் தங்கள் காலண்டர் அட்டையில் எழுதி வைத்திருக்கின்றன.

மரக்கன்றுகள் பற்றி உண்மையைச் சொல்கிறேன். ஜூலையில் பந்தல் போட்டு, படம் எடுத்து, 20 கன்று நட்டோம். இன்று உயிரோடு இருப்பவை எட்டு. அந்த எட்டு எவை என்று பார்த்தால், எதிரே இருக்கும் வீட்டில் யாரோ ஒருவர் தினமும் தண்ணீர் ஊற்றியவை. நான்காம் எண் வீட்டின் முன் நிற்கும் புங்கைக்கு ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரும் அரிசி கழுவிய நீரும்தான். இப்போது அது என் தோள் உயரம். இனி விழாவுக்குச் சங்கப் பணத்தைச் செலவிட வேண்டாம், கன்றுக்கு ஒரு வீட்டைப் பொறுப்பாக்கிவிட்டுப் பிறகு நடுவோம் என்பது என் பரிந்துரை.

பிப்ரவரியில் பிரதான சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவரை நம் தெருக் கல்லூரி மாணவர்கள் இருவர் 108-ஐ அழைத்து ஏற்றிவிட்டதும் பதிவாக வேண்டும். போலீஸ், கேஸ் என்று வீட்டில் பயந்திருக்கிறார்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுபவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லும்படி கூட அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பிள்ளைகளைத் தடுக்காதீர்கள்.

செய்ய முடியாமல் போனவை: கடைசிக் குறுக்குத் தெருவில் பகலிலும் எரியும் விளக்குகள், பழைய மின்பொருள்களைத் தனியாகச் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு, மூத்த குடிமக்கள் தனியாக இருக்கும் வீடுகளில் மாலையில் ஒரு நடை எட்டிப் பார்ப்பது. மூன்றாவதைச் சங்கத்தின் வேலையாகக் கருத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் தெருவில் அப்படி ஆறு வீடுகள் உள்ளன. பக்கத்து வீட்டார் யார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

மீதமிருக்கும் மழைநீர்க் குழிகளை அடுத்த ஞாயிறு காலை 6.30 மணிக்குப் பிள்ளையார் கோயில் பக்கமிருந்து திறக்கத் தொடங்குகிறோம். மண்வெட்டி இரண்டு போதவில்லை, வைத்திருப்பவர்கள் கொண்டுவரவும். ஸ்கெட்ச் பேனா தீர்ந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

நன்றி. வணக்கம்.

செயலாளர்