பழைய .22 ரைஃபிள்களின் விலை குறித்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பக்கத்து வீட்டு அம்மையார், தம் கணவர் விட்டுச்சென்ற, .22 எனப்படும் சிறிய தோட்டாவைச் சுடும் மூன்று ரைஃபிள்களை விற்றுத்தரும் பொறுப்பை உன்னிடம் ஒப்படைத்திருப்பதாக எழுதியிருந்தாய். மூன்றையும் சேர்த்து 150 டாலருக்கு எடுத்துக்கொள்வதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அவற்றுள் ஒன்றுக்கே இணையத்தில் 700 டாலர் கேட்கிறார்கள் என்றும் குறிப்பிட்டிருக்கிறாய். இந்த இரண்டு தொகையையும் நீ பொருட்படுத்த வேண்டாம். கேட்கும் விலையை யார் வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். ஏலத்தில் முடிந்துபோன விற்பனைகளில் உண்மையில் கைமாறிய தொகை எவ்வளவு என்பதைத்தான் நீ தேடிப் பார்க்க வேண்டும்.

விலையைப் பேசுவதற்கு முன் ஒன்றைச் செய்துவிடு. மூன்றில் முதலாவதான கிளென்ஃபீல்ட் ரைஃபிளில் தோட்டாக்கள் குழலின் அடியில் உள்ள நீண்ட குழாயில் நிற்கும். பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த துப்பாக்கியில்கூட ஒரு தோட்டா மறந்துபோய் உள்ளே தங்கியிருக்கக்கூடும். ஆகவே, பழக்கமுள்ள ஒருவரைக் கொண்டு உட்குழாயை முழுவதும் வெளியே இழுத்து, தோட்டா அறையை மூடும் உறுப்பான போல்ட்டைத் திறந்து, அந்த அறையைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள். சோதிப்பதற்காக விசையை வெறுமனே அழுத்திப் பார்க்காதே. ரிம்ஃபயர் வகையைச் சேர்ந்த .22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அதன் விளிம்பில் இருப்பதால், சுடும் ஊசியும் விளிம்பைத்தான் அடிக்கும். தோட்டா இல்லாதபோது பல பழைய ரைஃபிள்களில் அது அறையின் ஓரத்தையே அடித்துப் பள்ளமாக்கிவிடும். விவரமறிந்தவர்கள் வாங்கும்போது முதலில் அந்த ஓரத்தைத்தான் பார்ப்பார்கள்.

கிளென்ஃபீல்ட் என்பது மார்லின் என்ற துப்பாக்கி நிறுவனம் பெரிய கடைகளில் மலிவாக விற்பதற்கு வைத்த பெயர். உன்னிடம் இருப்பது மாடல் 60. 1960இல் தொடங்கி ஒரு கோடிக்கும் மேல் செய்யப்பட்ட ரைஃபிள் அது. .22 தோட்டாவின் ஈயக் குண்டும் குறைந்த அழுத்தமும் குழலை எளிதில் தேய்த்துவிடுவதில்லை என்பதால், செய்யப்பட்டவற்றில் பெரும்பகுதி இன்றும் சுடும் நிலையிலேயே இருக்கிறது. தேவைக்கு மேல் கிடைக்கும் பொருளுக்கு விலை ஏறாது. போதாக்குறைக்கு, புதிய மலிவு ரைஃபிள் ஒன்றே 200 டாலரை ஒட்டிக் கிடைக்கும்போது, பழையதற்கு அதைவிட அதிகம் கொடுக்க யாருக்கும் மனம் வராது. எங்கள் பக்கத்துக் கடைகளில் நல்ல நிலையில் உள்ள மாடல் 60 பெரும்பாலும் 125 முதல் 200 டாலருக்குள் போவதைப் பார்க்கிறேன். தோளில் சாய்த்துப் பிடிக்கும் மரக்கட்டையில் அணில் உருவம் அழுத்திப் பதிக்கப்பட்டிருப்பதை அம்மையார் கைவேலை என்று நினைத்திருக்கிறார். அது அழகானதுதான், ஆனால் இயந்திரம் பதித்தது, விலையை உயர்த்தாது. 1970களின் நடுப்பகுதியில் செய்யப்பட்டதாக இருந்தால், வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை 100இலிருந்து கழித்து ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். 25 என்று தொடங்கினால் 1975.

இரண்டாவது ரைஃபிளில் ஜே. சி. ஹிக்கின்ஸ் என்றும், 103 என்று தொடங்கும் ஒரு மாடல் எண்ணும் இருப்பதாகச் சொன்னாய். அந்தப் பெயர் சியர்ஸ் கடையுடையது. சியர்ஸ் துப்பாக்கி செய்யவில்லை. பிறரிடம் செய்வித்துத் தன் பெயரைப் பொறித்து விற்றது. 103 என்றால் செய்தது மார்லின், 583 என்றால் ஹை ஸ்டாண்டர்ட். உள்ளுறுப்புகள் ஒன்றேயானாலும், செய்தவரின் சொந்தப் பெயர் தாங்கியதைவிடக் கடைப்பெயர் தாங்கியது பொதுவாகக் குறைவாகவே போகும். அதில் வரிசை எண்ணே இல்லை என்று நீ பதறியிருக்கிறாய். 1968ஆம் ஆண்டின் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வருவதற்கு முன் மலிவு .22 ரைஃபிள்கள் பல எண் இல்லாமலேயே வெளிவந்தன. அவற்றை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமல்ல. ஆனால் எண் இருந்த இடத்தை அராவி அழித்திருந்தால் அது கூட்டரசுக் குற்றம். ஆகவே உலோகப் பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார். அராவிய தடம் ஏதும் இல்லையென்றால் கவலைப்படாதே.

மூன்றாவதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். பிளாஸ்டிக் பொம்மை போலிருக்கும் அதைச் சும்மாவே கொடுத்துவிடலாம் என்று அம்மையார் சொன்னாராம், தயவுசெய்து தடுத்துவிடு. அது ரெமிங்டன் நைலான் 66. 1959இல் அது வெளிவந்தபோது ரெமிங்டன், டுபாண்ட் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் கையில் இருந்தது. மரக்கட்டையையும் எஃகு உடற்பகுதியையும் ஒதுக்கிவிட்டு, டுபாண்டின் நைலானிலேயே இரண்டையும் வார்த்தார்கள். வாங்குபவர்கள் சந்தேகப்பட்டார்கள். அந்த ஆண்டே டாம் ஃப்ரை என்ற ரெமிங்டன் ஊழியர், மேலே எறியப்பட்ட 1,00,010 மரத்துண்டுகளை இந்த ரைஃபிள்களால் சுட்டு, 6ஐ மட்டுமே தவறவிட்டார். பத்து லட்சத்துக்கு மேல் விற்ற பிறகு தயாரிப்பு நின்றுபோனது. ரெமிங்டன் அதை மீண்டும் செய்யவில்லை. மாடல் 60ஐவிட எண்ணிக்கை மிகக் குறைவு, தேடுபவர்களோ அதிகம். உன்னுடைய படத்தில் தெரியும் பழுப்பு நிறமே மிகச் சாதாரணமானது. கறுப்பும் குரோமும் கலந்தது அதைவிட அரிது, பச்சை எல்லாவற்றிலும் அரிது. பழுப்பே ஆனாலும் நல்ல நிலையில் 300 டாலருக்கு மேல் போகிறது. இதை லாபம் என்று அம்மையாரிடம் சொல்லிவிடாதே. புதிதாக வந்தபோது ஏறக்குறைய 50 டாலர். அந்தத் தொகை இன்றைய மதிப்பில் 500 டாலருக்கு மேல் வரும்.

இனி மிக முக்கியமானது: எதையும் புதுப்பிக்காதே. கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடிப்பதும், உலோகத்தின் கருநீல மெருகு போன இடத்தில் புட்டியில் விற்கும் மெருகு மருந்தைத் தடவுவதும், துருவை முரட்டுக் கம்பி நாரால் சுரண்டுவதும் அன்போடு செய்யப்பட்டு விலையைக் கெடுப்பவை. பழைய முகத்தில் சாயம் பூசினால் எப்படித் தெரியுமோ, அப்படியே தெரியும். மெல்லிய துணியில் ஒரு சொட்டு எண்ணெய் போட்டு உலோகத்தைத் துடைத்தால் போதும். நைலான் 66ஐக் கழற்றவே கழற்றாதே. திரும்பப் பூட்டத் தெரியாதவர்களின் கைகளில் அதன் உறுப்புகள் காணாமல் போயிருக்கின்றன. தோள்வார் மாட்டுவதற்காக யாராவது நைலானில் துளை போட்டிருந்தால், அதை மறைக்காமல் வாங்குபவரிடம் சொல்லிவிடு.

எங்கே விற்பது என்று கேட்டாய். 150 டாலர் பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், அனுப்பும் செலவும், துப்பாக்கியைக் கைமாற்றித் தருவதற்கு அங்கே உரிமம் பெற்ற வணிகர் வாங்கும் கட்டணமும், ஏலத் தளத்தின் கமிஷனும் சேர்ந்து பெரும் பங்கைத் தின்றுவிடும். ஆகவே மார்லின் செய்த இரண்டையும் உள்ளூர்க் கடையில் விற்பனைக்கு வைக்கச் சொல். கடைக்காரர் கமிஷன் எடுத்துக்கொள்வார், ஆனால் வாங்குபவரின் பின்னணிச் சோதனையையும் பதிவையும் அவரே பார்த்துக்கொள்வார். உன் மாநிலச் சட்டம் தனியாருக்கு நேரே விற்க இடம் கொடுத்தாலும், நீ கடை வழியாகவே போக வேண்டும் என்பது என் விருப்பம். நைலானுக்கு மட்டும் ஏலம் பொருத்தமாக இருக்கும். அதை வாங்க எனக்கு ஆசை உண்டு. ஆனால் விலை சொல்பவனே வாங்குபவனாக இருக்கக்கூடாது என்பதால் நான் கேட்கமாட்டேன்.

இந்த வாரத்துக்குள் எனக்குப் படங்கள் அனுப்பு: குழலின் மேலுள்ள எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி ஒன்று, கட்டையின் இரு பக்கங்கள், குழல்வாய், நைலான் 66இன் உலோக மேல்மூடியில் துரு இருந்தால் அதன் அருகாமைப் படம், கிளென்ஃபீல்டின் உட்குழாயை வெளியே எடுத்து வைத்த படம். குழாய் வளைந்திருந்தாலோ இல்லாவிட்டாலோ அதற்கேற்பத் தொகையைக் குறைத்துச் சொல்வேன். அதுவரை அந்த 150 டாலர்காரரிடம் முன்பணம் வாங்க வேண்டாம் என்று அம்மையாரிடம் சொல்லிவை.

அன்புடன்,
அப்பா