ஆடும் பல்லுக்கு வைட்டமின் டி போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வைட்டமின் டி சாப்பிட்டால் ஈறில் ரத்தம் கசிவது நின்றுவிடும், ஆடுகிற பல் இறுகிவிடும் என்ற பேச்சு முதியவர்களிடையே பரவி வருகிறது. இதை நம்பிப் பல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறவர்கள் அநேகம்.

இந்தப் பேச்சு முழுக்கப் பொய்யும் அல்ல. பல்லைத் தாங்கும் தாடை எலும்பில் கால்சியம் சேர வைட்டமின் டி வேண்டும். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு 3 ஆண்டுகள் தினமும் 700 யூனிட் வைட்டமின் டியும் 500 மில்லிகிராம் கால்சியமும் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2001-இல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களில் 13 சதவீதம் பேர் பல் இழந்தார்கள்; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27 சதவீதம் பேர். ஆனால் பங்கேற்றவர்கள் மொத்தமே 145 பேர். அதுவும் எலும்புத் தேய்மானத்துக்காக நடந்த ஆய்வு. பற்களைக் கூடவே கணக்கெடுத்தார்கள், அவ்வளவுதான்.

ஈறு நோயைக் கிளப்புவது பல்லடியில் படியும் கிருமிப் படலம். அது இறுகிக் காரையாகிவிட்டால் பிரஷுக்கும் அசையாது, மாத்திரைக்கும் கரையாது. பல் மருத்துவர் கருவியால் சுரண்டி, அதாவது ஸ்கேலிங் செய்துதான் எடுக்க வேண்டும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அளவுக் கம்பியை விட்டுப் பார்க்கும்போது ஆழம் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் ஆழமானால் அந்த இடைவெளி பைபோல ஆகிவிடும்; அதற்குள் வீட்டு பிரஷ் எட்டாது. 'ஸ்கேலிங் செய்த பிறகுதான் பல் ஆடுது' என்பார்கள். உண்மையில் ஈறு நோயால் எலும்பு முன்பே கரைந்திருக்கும். பல்லோடு பல்லை ஒட்டிப் பிடித்திருந்த காரை போனதும் ஆட்டம் வெளியே தெரிகிறது.

இதைவிடக் கவலை தருவது 60,000 யூனிட் மாத்திரை. குறைபாடு உள்ளவர்களுக்கு வாரம் ஒன்று, பெரும்பாலும் 8 வாரம் என்று எழுதித் தருவார்கள். வீட்டில் அது பிரஷர் மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் சேர்ந்து, தினம் ஒன்றாகிவிடுகிறது. ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் வரும்; சிறுநீரகமும் கெடும். குழப்பத்தை 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால், நிறுத்தினாலும் உடம்பிலிருந்து சீக்கிரம் இறங்காது. அட்டையிலேயே 'ஞாயிறு மட்டும்' என்று பேனாவால் எழுதி வைத்தால் இந்தத் தவறு நேராது.

மாத்திரை வாங்கும் முன் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. வெயிலில் நின்றால் போதாதா என்று கேட்கலாம். விடிகாலை வெயிலில் அதற்கான கதிர் மிகக் குறைவு, ஜன்னல் கண்ணாடி இருப்பதையும் தடுத்துவிடும். வயதான தோலில் இளவயதின் பாதியளவுகூட ஊறுவதில்லை.

இன்னொன்று, சாப்பிடும் மருந்துகள். பிரஷருக்கான அம்லோடிபின் சிலருக்கு ஈறை வீங்க வைக்கும். வலிப்புக்கான பெனிடாயின் ஈறையும் வீக்கும், வைட்டமின் டியையும் குறைக்கும். இவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. எழுதித் தந்த மருத்துவரிடம் கேட்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் எடுப்பவர்கள் பல் பிடுங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். அரிதாகச் சிலருக்குப் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகிறது. மருந்துப் பெயர் நினைவில்லாவிட்டால் அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப்போனாலே போதும்.

இப்படிக்கு,
ஈறு நோய் மருத்துவர்,
தஞ்சாவூர்