வார்சா கெட்டோவின் குறிப்புகளைத் தமிழாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். நாஜி ஆக்கிரமிப்பின்போது போலந்துத் தலைநகர் வார்சாவின் கெட்டோவில், அதாவது யூதர்களைச் சுவருக்குள் அடைத்துவைத்த பகுதியில், அவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் தமிழுக்கு வரவேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. வரும்போது எங்கெங்கே சறுக்கும் என்று சொல்லவே இந்த மடல்.

முதல் விஷயம், அந்தத் தாள்கள் பிழைத்த விதம். வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்ப்ளூம் 1940 நவம்பரில் அமைத்த இரகசியக் குழு யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமைகளில் கூடியது. அதனால் 'ஓனெக் ஷாபெஸ்', ஓய்வுநாளின் மகிழ்ச்சி, என்று மறைபெயர். நாட்குறிப்புகளோடு ரொட்டிச் சீட்டு, டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள்வரை சேர்த்தார்கள். 1942 ஆகஸ்ட் தொடக்கத்தில் பத்து தகரப் பெட்டிகளை நொவொலிப்கி தெரு 68ஆம் எண் பள்ளிக் கட்டடத்தின் நிலவறையில் புதைத்தார்கள். 1943 பிப்ரவரியில் இரண்டு பால் கேன்கள். பெட்டிகள் 1946 செப்டம்பரிலும் கேன்கள் 1950 டிசம்பரிலும் தோண்டி எடுக்கப்பட்டன. கேன்களில் இருந்தவை நல்ல நிலையில் இருந்தன. தகரப் பெட்டிகளில் தண்ணீர் புகுந்து, தாள்கள் ஒட்டி, மை கரைந்திருந்தது. ஆகவே பெட்டிகளில் இருந்த முதல் தொகுதியில் வாக்கியம் பாதியில் அறுந்தால் ஊகித்து நிரப்பாதீர்கள். சதுர அடைப்புக்குள் மூன்று புள்ளி போதும். அந்த இடைவெளியும் ஆவணம்தான்.

'கெட்டோ'வைச் 'சேரி' ஆக்கவே ஆக்காதீர்கள். சேரி என்றதும் நம் வாசகருக்குச் சாதியும், தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட வாழ்வும் நினைவுக்கு வரும். வார்சாவில் நடந்தது வேறு. நகரத்தின் நடுவே சுவர் எழுப்பி, மருத்துவர் முதல் சுமைதூக்குபவர்வரை நான்கு லட்சம் பேருக்கு மேல் உள்ளே தள்ளி, 1940 நவம்பர் 16 அன்று அடைத்தார்கள். ஜெர்மன் அறிவிப்புகள் அதை 'யூதக் குடியிருப்புப் பகுதி' என்றன. உள்ளே இருந்தவர்கள் கெட்டோ என்றார்கள். ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் இரண்டையும் விட்டுவையுங்கள், எது யாருடைய வாய்ச்சொல் என்பது அப்போதுதான் தெரியும்.

அட்டைப்படம் வரைபவருக்கும் ஒரு வார்த்தை. யூதர் என்று அடையாளம் காட்ட அணியவைத்த மஞ்சள் நட்சத்திரம் வார்சாவில் இல்லை. 1939 டிசம்பர் 1 முதல் வலது கையில் வெள்ளைப் பட்டை, அதன்மேல் நீல நட்சத்திரம். மஞ்சள் நட்சத்திரம் ஜெர்மனியில் 1941 செப்டம்பரிலும் நெதர்லாந்தில் 1942 மே மாதத்திலும் கட்டாயமானது.

ஆங்கிலம் வழியாக மொழிபெயர்ப்பவர்கள் தவறாமல் இடறும் சொல் 'ஷாப்'. அது கடை அல்ல, ஜெர்மன் முதலாளிகள் கெட்டோவுக்குள் நடத்திய தையல், தோல் பட்டறை. 1942 கோடையில் அங்கே வேலைச் சீட்டு வைத்திருந்தவரை ரயிலேற்றி அனுப்பாமல் அன்றைக்கு விட்டுவைக்க வாய்ப்பு இருந்தது. 'கடையில் இருந்ததால் தப்பினார்' என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் புரியாது.

எல்லாவற்றிலும் கவனம் வேண்டிய பகுதி 1942 ஜூலை 22க்குப் பிந்தைய இரண்டு மாதம். அன்றைய சுவரொட்டி சொன்னது 'கிழக்கே மறுகுடியேற்றம்'. ஆளுக்கு 15 கிலோ சாமான், மூன்று நாள் உணவு கொண்டுவரலாம். ஒரு வாரத்தில் இன்னொரு அறிவிப்பு: தாமாக வருவோருக்கு மூன்று கிலோ ரொட்டி, ஒரு கிலோ ஜாம். கொல்லப் போகிறவன் ரொட்டியும் ஜாமும் தருவானா என்று பட்டினி கிடந்தவர்கள் நம்பிப் போனார்கள். ரயில்கள் போனது ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு. செப்டம்பர் 21க்குள் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

ஜூலைக் குறிப்பில் 'மறுகுடியேற்றம்' என்றிருந்தால் 'கொலை முகாமுக்கு அனுப்பினார்கள்' என்று திருத்தாதீர்கள். எழுதியவருக்கு அன்று அது தெரியாது. நாம் பிறகு அறிந்ததை அவர் வாயில் திணித்தால், அந்த ஏமாற்று எப்படி வேலைசெய்தது என்பதே மறைந்துபோகும். விளக்கம் அடிக்குறிப்பில் இருக்கட்டும். ஆகஸ்டில் தப்பிவந்தவர்கள் மூலம் உண்மை கெட்டோவுக்குள் கசிந்தது. அதன்பின் அதே சொல்லுக்கு மூலத்தில் மேற்கோள் குறி இருந்தால் அதைக் கட்டாயம் காப்பாற்றுங்கள், எழுதியவர் இனி நம்பவில்லை என்பதற்கு அதுவே தடயமாக இருக்கலாம். இதனால்தான் ஒவ்வொரு குறிப்பின் தேதியும் அவசியம். இடம் சேமிக்க 'ஒருநாள்', 'சில நாள் கழித்து' என்று சுருக்கினால் இந்த வேறுபாடு முழுக்கப் போய்விடும்.

சில்லறைப் பிழைகளையும் சொல்லிவிடுகிறோம். போலந்து நகரம் 'லோட்ஸ்' அல்ல, ஒலிப்பு 'வூச்'. 1943 ஏப்ரல் 19 அன்று தொடங்கியது யூதர்களின் கெட்டோ எழுச்சி, 1944 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது போலந்து எதிர்ப்புப் படையின் வார்சா எழுச்சி. இரண்டையும் கலக்க வேண்டாம். போலந்து நாணயமான ஸ்லோட்டியை ரூபாயாக மாற்ற வேண்டாம், அதே பக்கத்தில் ரொட்டி விலை இருந்தால் அதுவே வாசகருக்கு அளவுகோல்.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷிலிருந்தா, போலிஷிலிருந்தா, ஆங்கிலம் வழியாகவா மொழிபெயர்த்தீர்கள் என்பதை நூலின் முதல் பக்கங்களிலேயே அச்சிடுங்கள். ஆங்கிலம் வழியாக என்றால் எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
கெட்டோ ஆவணங்களைத் தொடர்ந்து வாசித்துவரும் தமிழ் வாசகர் சிலர்